முருங்கை எண்ணெய்க்கு எந்த லைசென்ஸ்?

ஆண்டிபட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் பறிக்காமல் மரத்திலேயே முற்றவிட்ட முருங்கை நெற்றை உடைத்தால், மூன்று சிறகு வைத்த பழுப்பு விதை உதிரும். சிறகையும் ஓட்டையும் நீக்கினால் வெள்ளைப் பருப்பு. அந்தப் பருப்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்தான். சூடேற்றாமல் ஆட்டினால் வெளிர்மஞ்சளாக, பெரிதாக வாசனை ஏதுமில்லாமல் இறங்கும். அதில் ஒலீயிக் அமிலம் மட்டும் 70 சதவீதத்தைத் தொடும். காற்றோடு எளிதில் வினைபுரியும் லினோலீயிக் அமிலம் மிகக் குறைவு என்பதால் சீக்கிரம் சிக்குவாடை அடிக்காது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் கடிகாரப் பற்சக்கரங்களுக்கு இட்டதும், பூக்களின் மணத்தைப் பிடித்துவைக்க வாசனைத் தைலக்காரர்கள் வாங்கியதும் இந்த எண்ணெயைத்தான்.

பெரியகுளம் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் கொடுத்த பி.கே.எம்.1 செடிமுருங்கை இன்று ஆப்பிரிக்கா வரைக்கும் வளர்கிறது. தேனியையும் சேர்த்து ஏழு மாவட்டங்களைத் தமிழக அரசு முருங்கை ஏற்றுமதி மண்டலம் என்று அறிவித்திருக்கிறது. சரக்கு இருக்கிறது, பெயரும் இருக்கிறது. சிக்கல் 30 மில்லி புட்டியில் எண்ணெயை ஊற்றி லேபிள் ஒட்டும்போது தொடங்குகிறது.

'முகத்துக்கு மென்மை, பளபளப்பு' என்று எழுதினால் அது அழகுப் பொருள். 2020ஆம் ஆண்டின் காஸ்மெடிக்ஸ் விதிகளின்படி மாநில உரிம அதிகாரியிடம் சி.ஓ.எஸ்.8 படிவத்தில் உரிமம் வாங்க வேண்டும். 'கரப்பான், படை, மூட்டுவலி தீரும்' என்று எழுதினால் அது மருந்து. சித்த மருந்து என்றால் 25-டி படிவ உரிமம். மருந்து, அழகுப் பொருள் சட்டத்தின் முதல் அட்டவணையில் பட்டியலிட்ட 'சித்த வைத்தியத் திரட்டு' போன்ற நூல்களில் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். 'சாப்பிடலாம்' என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம். மூன்று புட்டியிலும் இருப்பது ஒரே செக்கில், ஒரே நாளில் ஆட்டிய எண்ணெய்!

இது அதிகாரிகளின் விளையாட்டு என்று பலரும் எரிச்சல்படுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புட்டிக்குள் இருப்பதை வைத்து அழகுப் பொருள், மருந்து என்று கோடு போட வேதியியலால் முடியாது என்பதால்தான் சட்டம் லேபிளைப் படிக்கிறது. காரணம் நம் தோலிலேயே இருக்கிறது.

தோலின் மேலடுக்கு உயிரற்ற செல்களின் அடுக்கு. உடம்பின் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூடத் தேறாத தடிமன். செல்களுக்கு நடுவே செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் எல்லாம் சேர்ந்த பூச்சு. செங்கல்லும் சாந்துமாகக் கட்டிய சுவர் மாதிரி. இந்தச் சுவரை எது தாண்டும்? 2000ஆம் ஆண்டில் போஸ், மைனார்டி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கணக்கைச் சொன்னார்கள்: மூலக்கூறு எடை 500 டால்டனுக்கு மேல் போனால் நல்ல தோலைத் தாண்டி உள்ளே போவது கடினம். முருங்கை எண்ணெயின் பெரும்பகுதி, மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒரு கிளிசராலில் தொங்கும் டிரைகிளிசரைடு. எடை 900 டால்டனை நெருங்கும். ஆகவே மேலேயே தங்கிவிடும். தங்கி, தோலிலிருந்து ஆவியாகும் நீரை மறிக்கும். நீர் தேங்கிய மேலடுக்கு லேசாக உப்பும், மெல்லிய சுருக்கம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். தோற்றம் மாறியது, அவ்வளவுதான். அழகுப் பொருள் என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது.

ஆனால் பழைய விதையை ஆட்டினால், அல்லது ஈரம் புகுந்த எண்ணெயை வைத்திருந்தால், டிரைகிளிசரைடு உடைந்து தனி ஒலீயிக் அமிலம் கூடும். அதன் எடை 282 டால்டன். அது சாந்துக்குள் நுழைந்து, அந்தப் பூச்சைக் குலைக்கும். மருந்து கம்பெனிகள் களிம்பில் இருக்கும் மருந்தை உள்ளே தள்ளுவதற்கு இதே ஒலீயிக் அமிலத்தைச் சேர்ப்பதுண்டு. ஆய்வக அறிக்கையில் 'அமில எண்' என்று ஒரு வரி வரும். வாங்குபவர்கள் முதலில் விரல் வைத்துப் பார்ப்பது அந்த வரியைத்தான்.

இனி ஏலக்காய்ச் சந்தை இருக்கும் போடிக்கு வருவோம். ஏலக்காய் எண்ணெயின் முக்கியமான பொருள்களில் ஒன்று சினியோல்; யூகலிப்டஸ் தைலத்தில் இருப்பதும் அதுவே. எடை 154 டால்டன்தான். தோலைத் தாண்டும். குளிரை உணரும் நரம்பு நுனிகளில் டி.ஆர்.பி.எம்.8 என்ற புரதம் இருக்கிறது. மெந்தால் தூண்டுவது அதைத்தான், சினியோலும் தூண்டும். நெற்றியில் தடவியதும் 'ஜில்' என்று இருப்பது கற்பனை இல்லை, நரம்பு வேலை. கறாராகப் பார்த்தால் சினியோல் உள்ள எல்லாமே மருந்தாகிவிடும். பற்பசையும் சென்ட்டும் அப்புறம் மருந்துக்கடையில்தான் கிடைக்கும்.

எதிர்ப்பக்கம் இன்னும் வேடிக்கை. மினாக்ஸிடில் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி வளர்ந்தது. 1988இல் அமெரிக்காவில் அதுவே வழுக்கைக்குத் தடவும் திரவமாக அனுமதி பெற்றது. பைமாட்டோபிராஸ்ட் கண் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்து. போட்டவர்களுக்கு இமைமுடி நீண்டது. 2008 டிசம்பரில் இமைமுடிக்கென்றே அனுமதி கிடைத்தது. இரண்டிலும் வாங்குபவருக்கு வேண்டியது அழகு, ஆனால் பொருள் மருந்து. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1980களில் 'காஸ்மெசூட்டிகல்' என்ற சொல்லைப் பரப்பியது இந்த இடைவெளியை மனத்தில் வைத்துத்தான். விளம்பரக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. இன்றுவரை அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் பொருளே இல்லை என்கிறது. நம் 1940ஆம் ஆண்டு மருந்து, அழகுப் பொருள் சட்டத்திலும் அது கிடையாது.

அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டுச் சட்டப்படி, நோயைக் குணப்படுத்துவது மட்டும் மருந்தல்ல. உடம்பின் அமைப்பையோ செயலையோ மாற்றுவதற்கென்று விற்கும் பொருளும் மருந்துதான். இங்கேதான் நம் ஊர் ஏற்றுமதியாளர் வழுக்கி விழுவார். 'முடி அடர்த்தியாகத் தெரியும்' என்றால் அழகுப் பொருள். 'முடி வளரும்' என்றால் மருந்து. 'சுருக்கத்தை மறைக்கும்' சரி. 'கொலாஜனைத் தூண்டும்' கூடாது. ஏலக்காய் எண்ணெயை மணத்துக்காக விற்கலாம். 'தடவினால் தூக்கம் வரும்' என்று சொன்ன கணத்தில் அது அனுமதியில்லாத மருந்து. அதுவும் எஃப்.டி.ஏ. அதிகாரிகள் லேபிளை மட்டும் பார்ப்பதில்லை. வலைத்தளம், முகநூல் பக்கம், வாடிக்கையாளர் எழுதியதை நாம் எடுத்துப்போட்ட பாராட்டு, எல்லாவற்றையும் படிக்கிறார்கள். கப்பலில் போகும் லேபிள் அடக்கமாக இருந்து, யூடியூபில் 'எங்க பாட்டிக்குச் சொரியாசிஸ் போயிருச்சு' என்று ஒருவர் பேசியிருந்தால் போதும். வயதாவதைத் தடுக்கும் என்று மருந்துப் பேச்சுப் பேசும் கிரீம்களுக்கென்றே எஃப்.டி.ஏ. ஓர் இறக்குமதி எச்சரிக்கைப் பட்டியல் வைத்திருக்கிறது, எண் 66-38. அதில் பெயர் ஏறிவிட்டால் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் துறைமுகத்திலேயே நிறுத்திவைக்கலாம்.

2022 டிசம்பர் 29இல் அமெரிக்கா அழகுப் பொருள் சட்டத்தைப் புதுப்பித்தது. அதன்படி வெளிநாட்டுத் தொழிற்கூடமும் எஃப்.டி.ஏ.விடம் பதிய வேண்டும், அமெரிக்காவில் ஒரு முகவர் வேண்டும், பொருளையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் ஆண்டு விற்பனை சராசரியாகப் பத்து லட்சம் டாலருக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. தேனிப் பக்கத்துச் சிறு உற்பத்தியாளர்கள் பலர் இதில் அடங்குவார்கள். ஆனால் கண்ணுக்குள் படும் பொருளுக்கு அந்த விலக்கு இல்லை. கடுமையான ஒவ்வாமை நேர்ந்தால் 15 வேலை நாளுக்குள் தெரிவிக்கும் பொறுப்பு யாருக்கும் தள்ளுபடி இல்லை.

கண் என்றதும் ஒன்று சொல்லிவிடலாம். கண்மையையும் மருதாணியையும் வெளிநாட்டுத் தமிழர்களுக்கு அனுப்ப ஆசைப்படுகிறவர்கள் நிறைய. பாரம்பரியமான சுர்மா, கோல் வகை மைகளுக்கு அமெரிக்காவில் நிறமூட்டி அனுமதியே கிடையாது, காரணம் காரீயம். மருதாணி தலைமுடிக்குச் சாயம் என்றால் ஆகலாம், கையில் இட ஆகாது. கல்யாண வீட்டில் மருதாணி வைக்கிற பழக்கத்துக்கு முன்னால் இது அபத்தமாகத்தான் தெரியும். நிறமூட்டி விதியில் ஒவ்வோர் உபயோகத்துக்கும் தனியாக அனுமதி வாங்க வேண்டும். கைக்கான அனுமதி மருதாணிக்குக் கிடையாது.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போகிறது. 1223/2009 ஒழுங்குமுறைப்படி அங்கே சன்ஸ்கிரீன்கூட அழகுப் பொருள். அமெரிக்காவில் அதே சன்ஸ்கிரீன் மருந்து. நடுவில் நிற்கும் பொருளுக்குச் சந்தேகம் வந்தால் மருந்துச் சட்டமே செல்லும் என்று ஐரோப்பிய மருந்து விதி எழுதிவைத்திருக்கிறது. விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஐரோப்பாவுக்குள்ளே ஒரு 'பொறுப்பாளர்' வேண்டும். தகுதியுள்ள ஒருவர் எழுதிய பாதுகாப்பு மதிப்பீட்டை உள்ளடக்கிய கோப்பு வேண்டும். ஃபார்முலாவுக்கு ஒரு மதிப்பீடு. ஏலக்காய் வாசனை ஒன்று, பன்னீர் வாசனை ஒன்று என்று இரண்டு முகஎண்ணெய் விற்றால் செலவும் இரண்டு. விலங்குகளில் சோதித்துப் பார்த்த பொருள் 2013 மார்ச்சுக்குப் பிறகு அங்கே விற்பனைக்குப் போகவே முடியாது.

வாசனைப் பொருளில் ஐரோப்பியர்கள் இன்னும் கறார். ஒவ்வாமை தரக்கூடிய மணப்பொருள்கள் 26 இருந்தன. 2023இல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலை ஏறத்தாழ 80க்குக் கொண்டுபோய்விட்டது. தோலில் தங்கும் பொருளில் 0.001 சதவீதத்தைத் தாண்டினால் லேபிளில் பெயர் சொல்லியாக வேண்டும். புதிதாகச் சந்தைக்கு வருபவற்றுக்கு 2026 ஜூலை 31 முதல் இது பொருந்தும். பழைய பட்டியலிலேயே இருக்கும் லினலூலும் லிமோனினும் ஏலக்காய் எண்ணெயில் இயற்கையாகவே இருப்பவை. எண்ணெயில் லினலூல் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகஎண்ணெயில் ஏலக்காய் எண்ணெயை 1 சதவீதம்தான் சேர்க்கிறீர்கள். லினலூல் 0.03 சதவீதம் வந்துவிட்டது. வரம்பைப்போல முப்பது மடங்கு. 'நூறு சதவீதம் இயற்கை, ஒவ்வாமை வராது' என்று அட்டையில் அடித்து வைத்திருந்தால் அட்டையை மறுபடியும் அடிக்க வேண்டியதுதான்.

சரி, மருந்தாகவே அனுப்பினால் என்ன? நம் சித்த மருத்துவத்துக்கு நூற்றாண்டுகளின் அனுபவம் இருக்கிறதே! ஐரோப்பாவில் பாரம்பரிய மூலிகை மருந்துக்கென்று 2004/24 என்ற தனி வழி உண்டு. 30 ஆண்டு புழக்கத்தைக் காட்ட வேண்டும். அதில் 15 ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்திருக்க வேண்டும். 2011 ஏப்ரல் 30இலிருந்து இது முழுக்க நடைமுறையில் இருக்கிறது. பொதிகை மலையில் ஆயிரம் ஆண்டு புழங்கியிருந்தாலும் பெர்லினில் 15 ஆண்டு புழங்கியதற்கு ரசீது இல்லையென்றால் கதவு எளிதில் திறக்காது. இந்த விதியை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. உள்ளே விற்றிருந்தால்தான் உள்ளே விற்கலாம் என்பது அந்நியரை வெளியே நிறுத்துகிற ஏற்பாடுதான். இதன் விளைவாக, இங்கே மருந்தாக விற்கும் பல தைலங்கள் அங்கே 'மசாஜ் ஆயில்' என்று பேசாமல் போகின்றன.

ஆனால் நம் பக்கமும் கை சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. 2004இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14இல் காரீயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. எல்லாம் தெற்காசியத் தயாரிப்பு. அதற்குப் பின்புதான், முழுக்க மூலிகையால் ஆன ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளை ஏற்றுமதி செய்ய 2006 ஜனவரி 1 முதல் கன உலோகச் சோதனையை இந்தியா கட்டாயமாக்கியது. காரீயம் பத்து லட்சத்தில் 10 பங்கு, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என்பவை வரம்பு. இதை யாரும் குறைசொல்ல முடியாது. சாலையோரத்தில் காய்ந்த இலை, பழைய ஈய முலாம் பூசிய பாத்திரம் என்று உலோகம் ஏறும் வழிகள் பல.

இந்தியச் சட்டத்தில் ஒரு சின்னத் திட்டிவாசல் இருப்பது பலருக்குத் தெரியாது. 2010இல் சேர்த்த 158-பி விதி ஆயுஷ் மருந்துகளுக்குள்ளேயே தோல், முடி, உடல் பராமரிப்புக்கென ஒரு வகையைத் தனியாக வைத்திருக்கிறது. அந்த ஆங்கில விதியில் 'அழகு சாதன்' என்று தமிழும் நுழைந்திருக்கிறது! இந்த வகையில் சித்த உரிமத்திலேயே முகஎண்ணெய் தயாரிக்கலாம். உள்ளூரில் நல்ல வசதி. ஆனால் இந்த உரிமத்தில் வந்த புட்டியின் மேல் 'சித்த மருந்து' என்று போட வேண்டும், அமெரிக்கச் சுங்கத்தில் அந்தச் சொல்லே வில்லங்கம். ஏற்றுமதிக்கு லேபிளை அந்தந்த நாட்டு விதிக்கேற்ப மாற்றிக்கொள்ள நம் விதி இடம் கொடுக்கிறது. அப்படி மாற்றும்போது மருந்து உரிமத்தில் செய்த பொருளை அழகுப் பொருள் என்று விற்கிறோம்; அந்த நாட்டுக்காரர் விற்பனைச் சான்றிதழ் கேட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஆகவே வெளிநாட்டுச் சந்தைதான் குறி என்றால் அழகுப் பொருள் உரிமத்தோடு தொடங்குவது மேல் என்பது என் எண்ணம்.

சுங்கத் துறைக்கு இன்னொரு அகராதி. அழகுப் பொருள் 33ஆம் அத்தியாயம், மருந்து 30. 30ஆம் அத்தியாயத்தின் முதல் குறிப்பு, 3303 முதல் 3307 வரை உள்ள பொருள்களுக்கு நோய் தீர்க்கும் குணம் இருந்தாலும் அவற்றை மருந்தில் சேர்க்காதே என்கிறது. உரிமத்தில் மருந்தாக இருக்கும் ஒன்று ஷிப்பிங் பில்லில் அழகுப் பொருளாகலாம். இந்த வரிவழக்குகள் நம் நீதிமன்றங்களில் பழைய சொத்துத் தகராறுபோல இழுக்கும். சிறு பாக்கெட்டில் விற்கும் தேங்காய் எண்ணெய் சமையலுக்கா, தலைக்கா என்று சேலம் கலால் ஆணையருக்கும் மதன் ஆக்ரோ நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு 2018இல் உச்ச நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளிடையே இரண்டாகப் பிளந்தது. 2024 டிசம்பர் 18இல்தான் மூன்று நீதிபதிகள் முடித்துவைத்தார்கள்: பாக்கெட் சிறிது என்பதால் மட்டும் அது கேசத் தைலம் ஆகிவிடாது.

ஏற்றுமதிக் கவுன்சில்களும் இதே கோட்டில் பிரிந்து நிற்கின்றன. அழகுப் பொருளுக்குக் கெமெக்சில், ஆயுஷ் மருந்துக்கு 2022இல் வந்த ஆயுஷெக்சில், மூலிகைச் சாறுகளுக்கு ஷெஃபெக்சில், ஏலக்காய் எண்ணெய்க்கு ஸ்பைசஸ் போர்டு. மலேசியா, சிங்கப்பூருக்கு ஆசியான் விதி. அழகுப் பொருளுக்கு முன்னறிவிப்பு கொடுத்தால் போதும், ஆனால் மலேசியாவில் பாரம்பரிய மருந்து என்றால் தனிப் பதிவு. ஜப்பானும் தென்கொரியாவும் இடைப்பட்ட பொருளுக்குச் சட்டத்திலேயே இடம் ஒதுக்கியிருக்கின்றன. ஜப்பானில் 'மருந்துபோன்றவை' என்று ஒரு வகை, கொரியாவில் 'செயல்பாட்டு அழகுப் பொருள்'. இடம் உண்டு, ஆனால் சும்மா கிடைக்காது. செயல்படும் பொருள் எது, எவ்வளவு என்று காட்டியாக வேண்டும்.

இத்தனையையும் பார்த்துவிட்டுப் பலர் எடுக்கும் முடிவு, புட்டியை விட்டுவிட்டுப் பீப்பாயில் அனுப்புவது. அப்போது லேபிளில் பெருமை பேச ஒன்றுமில்லை. 'மொரிங்கா ஒலிஃபெரா சீட் ஆயில்' என்ற சர்வதேசப் பெயர், பாட்ச் எண், ஆய்வறிக்கை போதும். பொறுப்பாளர், பாதுகாப்புக் கோப்பு எல்லாம் வாங்குபவர் தலையில். லாபத்தின் பெரும்பகுதியும் அவர் பையில்தான் என்பதையும் சொல்ல வேண்டும்; பீப்பாய்க்காரருக்குக் கிலோ விலை, புட்டிக்காரருக்கு மில்லி விலை.

பீப்பாயிலும் முருங்கையும் ஏலக்காயும் ஒன்றில்லை. வேதிப்பொருள்களைப் பதியச் சொல்லும் ஐரோப்பாவின் ரீச் சட்டம், வேதிமாற்றம் செய்யாத தாவர எண்ணெய்களுக்குப் பதிவிலிருந்து விலக்கு தருகிறது. முருங்கை எண்ணெய் அதில் தப்பிவிடும். ஆவியில் வடித்த வாசனை எண்ணெய்களுக்கு அந்த விலக்கு இல்லை. ஓர் இறக்குமதியாளர் ஆண்டுக்கு ஒரு டன்னை எட்டினால் பதிவு வேண்டும். ஏலக்காயில் எண்ணெய் 5 முதல் 8 சதவீதம்தான் கிடைக்கும் என்று கணக்கிட்டால், ஒரு டன் எண்ணெய்க்கு 12.5 முதல் 20 டன் காய் வேண்டும். போடி ஏல மையத்தில் இன்று போகிற விலைக்கு அத்தனை காயை வாங்கி வடிகலத்தில் போடத் துணிகிற சிறு உற்பத்தியாளர் அரிது. ஆனால் வரம்பு இறக்குமதியாளரின் மொத்தக் கணக்குக்குத்தான். குவாத்தமாலாவிலிருந்து அவர் வாங்கும் ஏலக்காய் எண்ணெயும் அதே ஒரு டன்னில் சேரும். ஆகவே நூறு கிலோ அனுப்புகிறவரும், வாங்குபவர் பதிவு செய்திருக்கிறாரா என்று முதல் மெயிலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.